தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்கு நடுவர்

ஹிமி, ஜப்பான்
ஜனவரி 20, 1994

அன்புள்ள கிவாகோ,

இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. நான் நலம். இடுப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் இப்போது கோடைக்காலமாமே, ஜனவரியில் வியர்ப்பது உடம்புக்கு ஆகுமா? தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்.

உன் புருஷன் கப்பலிலிருந்து ஒரு கார்டு போட்டிருந்தான். "எஞ்சின் நன்றாக ஓடுகிறது" என்று ஒரே வரி. கியோஹெய்யைப் பெற்று வளர்த்ததற்கு எனக்குக் கிடைத்த செய்தி அது. அதனால் இனி உன்னோடுதான் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். நீ அடுப்படியில் எழுதி வைத்துவிட்டுப் போன விலாசங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதுவேன். நீ பதில் போட வேண்டும்.

நம் குளியல் கூடத்துக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்டே கொல்கிறார்கள். "என்னம்மா, கல்யாணம் ஆகி நாலு மாசம்கூட ஆகல, மருமகளைக் காணோம்?" என்றார் மீனவர் சங்கத் தலைவர். "பந்து அடிக்கப் போயிருக்கா" என்றேன். "அதுக்குச் சம்பளம் உண்டா?" "ஜெயிச்சா உண்டு." "தோத்தா?" "தோத்தா வீட்டுக்கு வந்துடுவா. நீங்க காதுல சோப்பு போகாம குளிங்க" என்று அனுப்பி வைத்தேன்.

ஆனால் அவரிடம் சொன்னது உண்மைதானே? கல்யாண விருந்தில் எல்லார் முன்னாலும் நீயே எழுந்து சொன்ன வார்த்தை. இன்னும் ஒரு வருஷம் ஆடுகிறேன், வருஷக் கடைசிக்குள் உலக டென்னிஸ் தரவரிசையில் நூறுக்குள் வராவிட்டால் ராக்கெட்டை வைத்துவிட்டு வந்து அத்தையின் உயர நாற்காலியில் உட்காருகிறேன் என்றாய். இப்போது நூற்று முப்பத்தொன்றில் இருக்கிறாய்.

மறைக்க எனக்குத் தெரியாது. நீ வந்துவிட்டால் எனக்கு நல்லது. குளியல் காசு வாங்க அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், நடுவே உச்சாணியில் நான். மதியம் கதவு திறந்தால் ராத்திரி சாத்தும்வரை இறங்க முடியாது. இந்த ஊரில் சாயங்காலம் என்று ஒன்று வருகிறதா என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே நீ ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்ள மாட்டேன். தோற்க வேண்டும் என்று வேண்டவும் மனசு வரவில்லை. சாமியை இதில் இழுக்காமல் விட்டுவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை
மசுவே


சுரபாயா, இந்தோனேசியா
பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

கிவாகோ வணக்கத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். தொப்பி போட்டும் மூக்கு உரிந்துவிட்டது. உங்கள் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? வெந்நீருக்குப் பஞ்சமில்லாத வீடு, சோம்பல்படாதீர்கள்.

முதல் சுற்றில் ஒரு ஜெர்மன்காரியோடு ஆடினேன். அவள் கை உயரத்துக்கு அவள் போடும் சர்வீஸ் மாடியிலிருந்து விழுவதுபோல் வந்தது. முதல் செட் போய்விட்டது. இரண்டாவது செட்டில் பின்னால் போகாமல் இரண்டடி முன்னால் வந்து நின்றேன். பந்து மேலே எழும்புவதற்குள் பிடித்துத் திருப்பினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ராக்கெட்டைத் தரையில் தட்ட ஆரம்பித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது செட்டில் ஒரு பக்கக் கால் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டபோது, பக்கத்துக் கோர்ட்டிலிருந்து லஸ்த்ரி என்ற உள்ளூர்ப் பெண் ஓடிவந்து நீவிவிட்டாள். நொண்டியபடியே ஜெயித்தேன். பிறகு அந்த லஸ்த்ரியோடு டபிள்ஸ் ஆடி அரையிறுதிவரை போனேன். அவள் வலைக்குப் பக்கத்தில் நின்றால் எறும்புகூடத் தாண்ட முடியாது.

ஒற்றையரில் இரண்டாவது சுற்றில் தோற்றேன். இங்கே ரம்புட்டான் மலிவு.

விருந்தில் சொன்ன வார்த்தை நினைவிருக்கிறது, அத்தை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிவாகோ


ஹிமி
ஏப்ரல் 2

அன்புள்ள கிவாகோ,

பனி கரைந்துவிட்டது. உன் கடிதம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஜெயித்த கதைக்கு ஒரு பக்கம். தோற்ற கதைக்கு ஒரே சொல், மிச்சம் ரம்புட்டான். உன் புருஷனுக்கும் உனக்கும் நல்ல பொருத்தம்தான்.

போகட்டும். ஒரு விஷயம் கேட்க வேண்டும். முரோயியைத் தெரியும் அல்லவா, தபால் ஆபீஸ்காரரின் மனைவி, தினமும் கதவு திறந்ததும் முதல் ஆளாகக் குளிக்க வருகிறவள். அவள் நகராட்சிக் கோர்ட்டில் காலை வேளையில் வீட்டுப் பெண்களைச் சேர்த்து டென்னிஸ் ஆட வைக்கிறாள். அந்தக் கூட்டத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு, பாவம், இடப்பக்கம் வருகிற பந்து ஒன்றுகூட மாட்ட மாட்டேன் என்கிறதாம். "உங்க மருமக பெரிய ஆட்டக்காரிதானே, கேட்டுச் சொல்லுங்க" என்று உயிரை வாங்குகிறாள். கட்டைவிரலை எங்கே வைப்பது, காலை எப்படி வைப்பது என்று விவரமாக எழுது. அவளுக்கு வயது கொஞ்சம் ஆகிவிட்டது, குனிவதும் கஷ்டம்.

எனக்கு அதில் ஒன்றும் அக்கறை இல்லை. கேட்டாள், எழுதினேன்.

அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மசுவே


பாரி, இத்தாலி
மே 14

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். சிறுவர் பண்டிகை அன்று வசம்பிலை போட்ட வெந்நீர்க் குளியலுக்குக் கூட்டம் வந்ததா? தனியாகச் சமாளித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாடிக்கையாளரிடம் இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். பந்து வந்த பிறகு திரும்பக் கூடாது, எதிராளி அடித்ததுமே தோளைத் திருப்பிவிட வேண்டும். குனிய முடியாவிட்டால் இடுப்பை விட்டுவிட்டு முழங்காலை மடக்கட்டும். பந்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கே போகப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். அவருக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயது இருக்குமா?

களிமண் தரையில் மூன்று ஊரில் ஆடிவிட்டேன். வெயில் நன்றாக இருக்கிறது. ரொட்டி கல்லாக இருக்கிறது. தரவரிசை நூற்று நாற்பத்தெட்டு.

கிவாகோ


ஹிமி
ஜூன் 27

அன்புள்ள கிவாகோ,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. எனக்கு மூட்டுக்கு மூட்டு வலி. இந்த வலி மழையால் வந்தது அல்ல. அந்த வாடிக்கையாளர் நான்தான்.

சிரித்து முடித்தாயா? மேலே படி.

மார்ச் மாதம் முரோயி என்னைப் பிடித்துக்கொண்டாள். "மருமக அப்படி என்னத்தைக் கண்டுட்டா அதுலேன்னு தினம் பொலம்பறியே, ஒரு நாள் வந்து பார்த்துட்டாவது பொலம்பு" என்றாள். பார்க்க மட்டும்தான் போனேன். கையில் ஒரு ராக்கெட்டைத் திணித்துவிட்டார்கள். வந்த பந்தெல்லாம் என்னைத் தாண்டிப் போயிற்று. கடைசியில் ஒன்று எப்படியோ பட்டு, வேலியைத் தாண்டி வயலில் விழுந்தது. எல்லாரும் "அடடா, என்ன பலம்!" என்றார்கள். முப்பத்திரண்டு வருஷம் குளியல் காசு வாங்கிப் போட்டவளை யாரும் அடடா என்று சொன்னதில்லை. மறுநாளும் போய்விட்டேன்.

போன ஞாயிறு தொயாமாவில் வீட்டுப் பெண்களுக்கான மாகாணப் போட்டி. நானும் முரோயியும் டபிள்ஸ். எதிரே ஊவோசுவிலிருந்து வந்த இரண்டு ஓரகத்திகள். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம், கோர்ட்டில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஒரே ஒரு கேமில் சமநிலைக்கு வந்தோம். அப்போது முரோயி சர்வீஸ் போட்டாள், அது நேராக என் பின்மண்டையில் வந்து விழுந்தது. "நீ எதுக்குடி அங்க நின்னே?" என்று என்னையே திட்டுகிறாள். இடப்பக்கம் வந்த பந்தில் நான்கு எடுத்தேன். தோளை முதலில் திருப்பினேன், நீ சொன்னபடி.

இங்கே வழக்கம் என்ன தெரியுமா? தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு உடனே உயர நாற்காலியில் ஏறியாக வேண்டும். மற்றப் பெண்களெல்லாம் அதற்கு அழுவார்கள். நான் ஏறினேன் பார், கைப்பிடிகூடத் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் அடங்கியது. அடுத்த ஆட்டத்துக்கு நான்கு பெண்கள் வந்து குனிந்து வணங்கினார்கள். என் வாய் தன்னால் திறந்துவிட்டது. "வாங்க வாங்க, தண்ணி நல்லா சூடா இருக்கு. பொறுமையா குளிச்சிட்டுப் போங்க."

அவர்களில் ஒருத்தி மறுபடி குனிந்து, "ரொம்ப நன்றிங்க, குளிச்சிட்டு வரோம்" என்றாள். மைதானம் முழுக்கச் சிரித்தது. ஆனால் கணக்குச் சொல்லும் குரல் கணீரென்று இருக்கிறது என்று இன்னும் இரண்டு ஆட்டத்துக்கு என்னையே உட்கார வைத்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் தோற்றுப்போயிருக்கிறேன், இவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்களே என்று. மூன்றாவது ஆட்டம் முடிவதற்குள் கோபம் போய்விட்டது. பசிதான் இருந்தது.

பார்த்தாயா, என் தோல்விக்கு எத்தனை பக்கம்! நீ தோற்றதும் எங்கே போவாய்? உனக்கு ஏற நாற்காலிகூடக் கிடையாது. எழுது. வெயிலும் ரொட்டியும் வேண்டாம்.

மசுவே


லெக்ஸிங்டன், அமெரிக்கா
ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பின்மண்டை வீக்கம் வடிந்துவிட்டதா? உங்கள் கடிதத்தை ஓட்டல் லிஃப்டில் படித்து, நான் சிரித்த சிரிப்பில் ஒரு அமெரிக்கக் கிழவர் பயந்து இறங்கிப் போய்விட்டார். முரோயி அம்மாள் சர்வீஸ் போடும்போது நீங்கள் வலைக்கு ஒட்டி, ஓரமாக நில்லுங்கள். உயிர் முக்கியம்.

கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். யாருக்கும் இதை எழுதியதில்லை.

மே மாதக் கடைசியில் பாரிஸ். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். அதை ஜெயித்திருந்தால் பெரிய போட்டியில் என் பெயர் வந்திருக்கும். ஒரே ஒரு புள்ளி பாக்கி. பந்து உயரமாக, மெதுவாக, என் முன்னால் வந்தது. நீங்கள்கூட அடித்திருப்பீர்கள், அத்தை. நான் அதை வலையில் அடித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கை எங்கே, கால் எங்கே என்றே தெரியவில்லை. தோற்றேன்.

எங்கே போனேன் என்றால், உடை மாற்றும் அறையில் இருந்த குளியலறைக்கு. ஆடிய உடுப்போடு குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் சில்லென்று வந்தது. மாற்றவில்லை. உதடு நடுங்கும்வரை நின்றேன். பிறகு ஈரத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயில். இங்கே தோற்றவர்கள் அந்த ஊரில் ஒரு வேளைகூடத் தங்க மாட்டோம். ஓட்டல் செலவு ஒரு காரணம். ஜெயித்தவர்களோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட முடியாது என்பது பெரிய காரணம். கப்பலில் இருக்கும் அவருக்கு "பாரிஸில் வெயில்" என்று எழுதினேன்.

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. போன வாரம் இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போட்டியில் கோப்பை வாங்கினேன். ஒரு குவளை சாக்கே மது ஊற்றலாம், அவ்வளவுதான் அதன் அளவு. தரவரிசை நூற்றுப் பதினான்கு.

கிவாகோ


ஹிமி
ஆகஸ்ட் 22

அன்புள்ள கிவாகோ,

வெக்கை தாங்கவில்லை, இருந்தாலும் குளிக்க வருகிறார்கள். உன் கோப்பைச் செய்தியை உயர நாற்காலியிலிருந்தே சத்தம் போட்டு இரண்டு பக்கத்துக்கும் அறிவித்தேன். பெண்கள் பக்கம் "ஆஹா" என்றார்கள். ஆண்கள் பக்கம் கைதட்டல். துண்டுகூட இல்லாமல் எழுந்து நின்று கைதட்டிய சங்கத் தலைவரை, "உக்காருங்க, பார்த்தது போதும்" என்று உட்கார வைத்தேன்.

பாரிஸ் கதையை மூன்று தரம் படித்தேன். குளியல் கூடத்து மருமகள் சில்லென்ற தண்ணீரில் நின்றாளாம்! வெந்நீர்க் குழாயைத் திறக்கத் தெரியாதா உனக்கு? எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சோப்பு கேட்டு வந்தாள், அவளிடம் எரிந்து விழுந்துவிட்டேன். இனிமேல் தோற்றால் வெந்நீரில் குளி. இது அத்தை உத்தரவு.

இன்னும் பதினான்கு இடம்தானே? வந்துவிடு.

ஐயோ, என்ன எழுதுகிறேன் நான். நீ நூறுக்குள் வந்தால் எனக்கல்லவா நஷ்டம். போகட்டும், எழுதியதை அடிக்கப்போவதில்லை.

மசுவே


தைபே
அக்டோபர் 16

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். சௌக்கியமா? ஆகஸ்டுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் மூன்று கடிதம் போட்டுவிட்டேன். கோபமா, உடம்புக்கா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். முரோயி அம்மாள் எடுத்தார்.

"அத்தை இல்லீங்களா?"

"மசுவேவா? அவ... அவ குளிக்கப் போயிருக்கா."

"எங்க?"

"எங்கன்னா... குளிக்கத்தான்."

குளியல் கூடத்துக்காரி வேறு எங்கே குளிக்கப் போவார், அத்தை? முரோயி அம்மாளுக்குப் பொய் சொல்ல வராது என்பது மட்டும் புரிந்தது. உங்களுக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இங்கே காலிறுதிவரை வந்தேன். நூற்று மூன்று. இந்த வருஷத்துக்கு இன்னும் ஒரே போட்டிதான் பாக்கி, நவம்பரில் நாகோயாவில். அங்கே இரண்டு ஆட்டம் ஜெயித்தால் நூறுக்குள் வந்துவிடுவேன். ஒன்றோடு நின்றால் இல்லை.

பதில் போடுங்கள்.

கிவாகோ


ஹிமி
அக்டோபர் 24

அன்புள்ள கிவாகோ,

எனக்கு ஒரு கேடும் இல்லை. கல்லுக்குண்டாக இருக்கிறேன். முரோயி சும்மா வந்திருந்தாள், போன் அடித்தது, எடுத்தாள். அதற்கு இத்தனை விசாரணையா? நான் வெளியே போயிருந்தேன். ஒரு மனுஷிக்கு வெளியே போக வேலை இருக்காதா?

எழுத நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். முந்தாநாள் உள்ளூர்ப் போட்டியில் ஒரு செட்டில் மூன்று கேம் எடுத்தோம். பிறகு வழக்கம்போல் நான் நாற்காலியில்.

நாகோயாவில் மனசை அலையவிடாதே. இந்த வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ நினைக்காதே. பந்தைப் பார், எங்கே போகப்போகிறது என்று பார்க்காதே. நீதானே சொன்னாய்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்.

மசுவே


நாகோயா
நவம்பர் 13

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். நேற்று தோற்றேன்.

முதல் ஆட்டம் சுலபமாக ஜெயித்தேன். நேற்று எதிரே ஆடியவள் ஒசாகாப் பெண், பதினேழு வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். ஆளுக்கொரு செட். மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து. பாரிஸ்போல் கை எங்கே, கால் எங்கே என்று தேடவில்லை. நன்றாக ஆடினேன், அத்தை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. என் கடைசிப் பந்து கோட்டுக்கு ஒட்டிப் போய் விழுந்தது, அவள் விழுந்தடித்து ஓடி அதை எடுத்துவிட்டாள். எடுக்க முடியாத பந்து அது. எடுத்துவிட்டாள். நான் கைதட்டினேன், எனக்கே தெரியாமல். ஐந்துக்கு ஏழு.

வெந்நீரில் குளித்தேன். ஊரை விட்டு ஓடவில்லை. இன்று காலை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒசாகாப் பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இடப்பக்கம் எப்படி அவ்வளவு சீக்கிரம் திரும்பறீங்க?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

நாளைக்குப் புதிய தரவரிசை வரும். நூற்றிரண்டாக இருக்கும்.

இதை ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், பிறகு எழுத மாட்டேன். எனக்கு ஆட வேண்டும் போலிருக்கிறது. இருபத்தேழு வயதில் இப்போதுதான் எனக்கு இந்த ஆட்டம் வருகிறது. செப்டம்பரில் லஸ்த்ரி கேட்டாள், "வர்ற ஜனவரியிலேருந்து வருஷம் முழுக்க டபிள்ஸ் சேர்ந்து ஆடலாமா?" என்று. சரி என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த வார்த்தை இருக்கும்போதே சொன்னேன். உங்களிடம் மறைத்தேன். அவளுக்கு இப்போது முடியாது என்று எழுத வேண்டும். நாலு தரம் உட்கார்ந்தேன், இன்னும் எழுதவில்லை. நாளைக்கு எழுதிவிடுவேன்.

எல்லார் முன்னாலும் நானே எழுந்து சொன்ன வார்த்தை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இருபதாம் தேதி மதிய ரயிலில் வருகிறேன். அன்றைக்கே நாற்காலியில் உட்காருகிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள். காசுப் பெட்டியின் பூட்டு எப்படித் திறக்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கிவாகோ


ஹிமி
நவம்பர் 15, அவசரத் தபால்

கிவாகோ,

அந்தப் பெண்ணுக்கு எழுதாதே. எழுதிவிட்டாயானால் போன் செய்து, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல். மற்றதை அப்புறம் படி.

இப்போது உட்கார். நாற்காலி காலி இல்லை. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அதில் முரோயி உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷன் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று நாளெல்லாம் வீட்டிலேயே இருக்கிறான். "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அந்த மூஞ்சியையே பார்த்துட்டிருக்க என்னால முடியாது, எங்கயாவது உக்கார எடம் குடு" என்று வந்து நின்றாள். ஏறி உட்காரச் சொன்னேன். சில்லறையில் தப்புப் பண்ணுகிறாள், ஆண்கள் பக்கம் அடிக்கடி பார்க்கிறாள், மற்றபடி நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள்.

நீ போன் செய்த அன்றைக்கு நான் கடற்கரையில் இருந்தேன். ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் கடைசி நேரத்தில் உன் கை தளர்ந்துவிடும் என்று முரோயி சொன்னாள். நானும் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. நாற்காலி வேண்டாம், சரி. ஆனால் நீ தோற்றால் வீட்டுக்கு வருவாய் அல்லவா? சாப்பாட்டு மேசையில் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் அல்லவா? கெட்டிலோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

உன் கடிதத்தை நேற்று படித்தேன். காசுப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக்கொடு என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உன்மேல் இல்லை. என் மாமியார் இருபத்தாறு வயதில் என்னை அந்த நாற்காலியில் ஏற்றிவிட்டு, பெட்டியை எப்படித் திறப்பது என்றுதான் சொல்லிக்கொடுத்தார். உனக்கு இது பிடிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை. என்னை உட்கார வைத்தார்கள், அதனால் நீயும் உட்கார வேண்டும், அதற்குமேல் எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. இதெல்லாம் ஒரு காரணமா, சொல்!

எல்லார் முன்னாலும் கொடுத்த வார்த்தையாம். யாருக்குக் கொடுத்தாய்? எனக்கு. நான் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள். ஊரில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சங்கத் தலைவருக்கு நேற்றே சொல்லிவிட்டேன். "நூத்திரெண்டா? நூறுக்கும் நூத்திரெண்டுக்கும் நம்ம ஊரு மீன் சந்தையில வித்தியாசமே கிடையாது" என்றார். கியோஹெய்க்கும் எழுதிவிட்டேன். அவன் என்ன சொல்லப்போகிறான், எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பான்.

இன்னும் ஒரு வருஷம் என்று மறுபடி யாரிடமும் சொல்லாதே. உனக்கே போதும் என்று தோன்றுகிறவரை ஆடு.

நீ போய்விடுவதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்ளாதே. வருத்தம்தான். அந்த வருத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் இரண்டு கடிதம் போடு, ஜெயித்தாலும் தோற்றாலும் நாலு பக்கம்.

இருபதாம் தேதி வா. புத்தாண்டு வரை இரு. கொழுத்த மீன் வரத் தொடங்கிவிட்டது, வேண்டிய மட்டும் சாப்பிடு, தூங்கு. ஒரே ஒரு காலை மட்டும் என்னோடு நகராட்சிக் கோர்ட்டுக்கு வர வேண்டும். நீ எனக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம். நான் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறேன். அந்த ஒசாகாப் பெண்ணுக்கு எப்படி அடித்தாயோ, அப்படியே எனக்கு ஒரு பந்து அடி. மாமியார் என்று கையைத் தளர்த்தினால் எனக்குத் தெரிந்துவிடும்.

மசுவே